ஸ்டீம் டாலர்

டாலர் என்றதும் பச்சை நோட்டே நம் நினைவுக்கு வரும். நாம் இங்கே காணப்போவதோ கையில் பிடிக்க முடியாத டாலர்! 2016-இல் தொடங்கிய ஸ்டீமிட் என்னும் இணையத் தளம், வாசகர் வாக்கின்படி எழுத்தாளர்க்கு அளித்த ஊதியத்தில் ஒரு பங்கு இது. ஓர் அமெரிக்க டாலர் மதிப்பில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஈடாகப் பெட்டகத்தில் டாலர் இருக்கிறதா? இல்லை. இதை ஒப்படைத்தால் 3½ நாள் கழித்து, அந்நாள்களின் நடுவிலைப்படி, ஒரு டாலர் பெறுமான ‘ஸ்டீம்’ என்ற உடன்பிறப்பு நாணயம் கிடைக்கும். அதை விற்றுப் பணமாக்கலாம். சந்தையில் விலை கூடுதலானால் நேரே விற்பதே இலாபம். 2017 டிசம்பரில் 10 டாலரையும் தாண்டியதே!

ஈடும் அதே வீட்டுச் சரக்கு என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. புழங்கும் ஸ்டீம் டாலர்களின் தொகை ஸ்டீமின் மொத்த மதிப்பில் 10 விழுக்காட்டை மீறினால் குறைத்தே தருவர் என்பது அன்றைய விதி. 2018 இறுதியில் ஸ்டீம் விலை சரியவே, அவ்வாறே நேர்ந்தது.