அறுபது பாகைக் கத்தரிக்கோல்: உரிமம் சொல்வதும் சொல்லாததும்

2023 அக்டோபர் 1ஆம் தேதிக்குப் பிறகு உரிமம் பெறாத மருத்துவக் கருவிகளைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்ற செய்தி வெளியானது முதல், ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பகுதிகளிலிருந்து வரும் வாசகர் கடிதங்களில் பிரசவ அறையைப் பற்றிய சந்தேகங்களே மிகுந்திருக்கின்றன. உரிமம் வந்துவிட்டால் பிரசவத்தில் ஆழக் கிழிந்து பெண்கள் படும் அவதி நின்றுவிடும் என்று ஒரு சாரார் நம்புகிறார்கள். உரிமமில்லாத கத்தரிக்கோல்களை அப்புறப்படுத்திவிட்டால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவமே பார்க்கமாட்டார்களோ என்று மற்றொரு சாரார் அஞ்சுகிறார்கள். இவ்விரண்டுக்கும் ஆதாரமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது என் கடமை.

2020 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, அவ்வாண்டு ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் பார்வையில் மருந்துகளாகவே கருதப்படுகின்றன. ஆபத்தின் அளவைக் கொண்டு அவற்றை ஏ, பி, சி, டி என நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; இந்த 2023 அக்டோபர்க் கெடு சி, டி வகுப்புகளுக்கு மட்டுமே உரியது. திரும்பத் திரும்பச் சுத்திகரித்துப் பயன்படுத்தும் அறுவைக் கத்தரிக்கோல் போன்றவை மிகக் குறைந்த ஆபத்துள்ள ஏ வகுப்பில் அடங்குகின்றன. அவ்வகுப்பில் முன்கூட்டிக் கிருமிநீக்கம் செய்யப்படாததும் அளக்கும் வேலை இல்லாததுமான கருவிகளுக்கு 2022இலேயே உரிமத்திலிருந்து விலக்களித்து, தயாரிப்பாளரே உறுதிமொழி கூறிப் பதிவு செய்துகொண்டால் போதும் என்று விதித்துவிட்டார்கள். பாதுகாப்பு, தரம், செயல்திறன் மூன்றையும் இவ்விதிகள் உறுதி செய்கின்றன என்கிறது அரசு. ஆனால், ஒரு கருவி எந்த உலோகத்தில், எவ்வளவு ஒழுங்கோடு செய்யப்பட்டது என்பதற்கு உத்தரவாதம் தருவது வேறு, அக்கருவியால் ஒரு தாயின் தசை அறுபடாமல் காக்கப்படும் என்று நிரூபிப்பது வேறு. வகுப்பைக் குறிக்கும் எழுத்து ஆபத்தைத்தான் அளக்கிறது; பலனை அது அளப்பதில்லை.

பிரசவத்தில் தையல் போடுவது என்றால் என்ன என்று இப்பகுதி வாசகர்களுக்கு விளக்க வேண்டிய அவசியமில்லை. அந்தத் தையலுக்கு முன் போடப்படும் வெட்டு எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதுதான் பலரும் அறியாத விஷயம். ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதும் மலத்தையும் வாயுவையும் அடக்க முடிபவளாக இருப்பாளா என்பதை நிர்ணயிப்பதில் அதற்கும் பங்குண்டு. வெட்டு நடுக்கோட்டை ஒட்டி இறங்கினால், ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத்தசை வரை கிழிவு ஓடிவிடக்கூடும். நடுக்கோட்டிலிருந்து வெட்டு 6 பாகை விலக விலக அந்த ஆபத்து ஏறக்குறையப் பாதி பாதியாகக் குறைகிறது என்று டப்ளின் மருத்துவர்கள் 2006இல் கண்டறிந்தார்கள். அளவுக்கு மீறிப் பக்கவாட்டில் விலகினாலும் தீங்குதான் என்று பின்னாளைய நார்வே ஆய்வொன்று எச்சரித்தது.

அப்படியானால் கோணத்தைப் பார்த்து வெட்டினால் போயிற்று என்று தோன்றும். அதிலுள்ள நுட்பத்தைத் தோல் தொழில் செய்யும் ஆம்பூர்க்காரர்களைப் போல் எளிதில் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் வேறு எவருமில்லை. ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில், அனுபவப்பட்ட ஒருவர் தோலை மேசைமீது விரித்ததும் உடனே கத்தியை எடுப்பதில்லை. இரு கட்டைவிரல்களாலும் அதை இழுத்து, எந்தத் திசையில் நீள்கிறது, எந்தத் திசையில் விறைத்து நிற்கிறது என்று பார்த்த பிறகே வெட்டுகிறார். முதுகுப் பகுதித் தோல் இழுவைக்கு இணங்காது, வயிற்றுப் பகுதித் தோல் இணங்கும் என்பதும், இழுத்துப் பிடித்த நிலையில் விழுந்த வெட்டு கையை விட்டதும் வேறு வடிவம் கொள்ளும் என்பதும் அவர் விரல்கள் அறிந்த பாடம். குழந்தையின் தலை வாயிலில் முட்டி நிற்கும் கணத்தில், தாயின் சதையும் அவ்வாறே எல்லாப் பக்கமும் இழுபட்டு, காகிதம்போல் மெலிந்து நிற்கிறது. அந்நிலையில் 60 பாகையில் போட்ட வெட்டு, குழந்தை பிறந்து சதை சுருங்கித் தையலும் போட்ட பிறகு, சராசரியாக 45 பாகையில்தான் நிற்கிறது என்று செக் நாட்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். 45 பாகை வேண்டுமென்று நினைத்து 45 பாகையிலேயே வெட்டுகிறவர், தம்மை அறியாமலே தசையை நெருங்கிவிடுகிறார்.

கைத்தேர்ச்சி இதைச் சரிசெய்துவிடாதா என்றால், 2005இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. அங்கே சரியான கோணத்தில் வெட்டியிருந்த மருத்துவர்கள் 22 சதவீதத்தினரே. மருத்துவச்சிகளில் ஒருவர்கூட இல்லை. இதை அவர்களுடைய குற்றம் என்று நான் கருதவில்லை. இரத்தமும் நீரும் வழிய, வலியில் துடிக்கும் உடம்பின் முன்னே, நொடிப்பொழுதில் கண்ணளவாகக் கோணம் நிர்ணயிப்பது மனிதக் கண்ணால் ஆகிற காரியமன்று.

இக்குறையைப் போக்கவே, பிரிட்டனில் பணியாற்றிய மகப்பேற்று மருத்துவர் தர்மேஷ் கபூர் எபிசிஸர்ஸ்-60 என்னும் கத்தரிக்கோலை வடிவமைத்தார். அதன் அலகுகளோடு ஒரு மெல்லிய உலோகக் குச்சி பொருத்தப்பட்டிருக்கிறது. அக்குச்சியை ஆசனவாயை நோக்கி நேராக வைத்தால், அலகுகள் தாமாகவே 60 பாகையில் நிற்கும். ஒவ்வொரு துண்டையும் கண்ணளவில் வெட்டுவதற்குப் பதிலாக அச்சு வைத்து வெட்டுவதற்கு இதை ஒப்பிடலாம். யோசனை மிக அழகானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அச்சு எவ்வளவு செம்மையாக இருந்தாலும் தோலைக் கோணலாக விரித்தால் துண்டு கோணலாகத்தான் விழும். குச்சியை அவசரத்தில் தவறாக வைத்தால் கத்தரிக்கோல் என்ன செய்யும்?

என்னை இங்கே உறுத்துவது காரியங்கள் நடந்த வரிசை. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2017இலேயே இவ்வகைக் கருவிக்குச் சிறப்பு நிதியேற்பாடு செய்தது. அந்நாட்டின் நைஸ் என்னும் மதிப்பீட்டு நிறுவனமோ, நம்பிக்கையளிக்கிறது, ஆனால் எல்லா இடங்களிலும் வழக்கமாகப் பயன்படுத்தும்படி பரிந்துரைக்கப் போதிய தரமான சான்று இல்லை என்று 2020இல் முடிவு கூறியது. பணம் முன்னே போய், சான்று பின்னே வந்திருக்கிறது. நம் நாட்டிலும் உரிமம் பெற்றது என்ற முத்திரையையே பலனுக்குச் சான்றாக விற்பனையாளர்கள் காட்டத் தொடங்கினால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதிருப்பது நம் பொறுப்பு.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்:

தலைப்பிரசவம் என்றால் வெட்டித்தான் ஆக வேண்டுமா? வேண்டியதில்லை, எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுவது கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் கூறியிருக்கிறது.

கிழிவைத் தவிர்க்கக் கர்ப்ப காலத்தில் பயிற்சி செய்யும் பலூன் கருவி? சிட்னியில் நடந்த பெரிய ஆய்வில் பலன் காணப்படவில்லை.

அர்ஜென்டீன மெக்கானிக் ஒருவர் கண்டுபிடித்த, தலையைச் சுற்றிக் காற்றுப்பை வைத்துக் குழந்தையை எடுக்கும் ஓடோன் கருவி? 2023இல் அது இன்னும் பரிசோதனையில்தான் இருந்தது.

செலவில்லாத வழி ஏதேனும்? முக்கும் நேரத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வைத்திருப்பது கடுமையான கிழிவைக் குறைக்கிறது. ஆய்வுகளின் தொகுப்பில் உறுதிப்பட்ட முறை இது.

சிசேரியன் செய்துகொண்டால்? 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஏற்கெனவே 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தையலுக்கு அஞ்சி அதை நாடுவது ஒரு காயத்துக்குப் பதில் பெரிய காயத்தை ஏற்பதாகும்.

கருவியால் தீங்கு நேர்ந்தால்? 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் புகார் செய்யலாம்.

இறுதியாகப் பச்சை உடம்புக்காரிக்குத் துணையிருக்கும் தாய்மார்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். தையல் முடிந்ததும், ஆசனவாய்த் தசை முழுமையாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தீர்களா டாக்டர் என்று தயங்காமல் கேளுங்கள். பேறுகால விடுப்பு முடிந்து தையல் மெஷின் முன் நாளெல்லாம் உட்காரப் போகிற பெண், அடிக்கடி எழுந்து ஓட வேண்டியிருப்பதை வெட்கத்தால் மறைத்தால், பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று சொல்லி அவள் வாயை அடைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அறுந்த தசையைப் பிரசவ மேசையிலேயே கண்டுகொண்டால் அன்றைக்கே தைத்துவிடலாம்.