மஞ்சள் எது, சிவப்பு எது: பழைய காருக்குப் புது ஸ்டீரியோ

இந்த வாரம் ஒரு நேயரோட கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். அவர்கிட்ட ஒரு பழைய மாருதி 800 இருக்கு. கேசட் பிளேயரைக் கழட்டிட்டு, ப்ளூடூத், யுஎஸ்பி எல்லாம் இருக்கிற புது ஸ்டீரியோவை ஒரு கடையில மாட்டியிருக்கார். பாட்டு நல்லாவே கேக்குது. ஆனா வெள்ளிக்கிழமை ராத்திரி நிறுத்தின வண்டி திங்கட்கிழமை காலையில ஸ்டார்ட் ஆகல. கடையில கேட்டா, "பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. மாத்தணுமான்னு கேக்குறார்.

மாத்துறதுக்கு முன்னாடி, ஸ்டீரியோவுக்குப் பின்னாடி இருக்கிற ரெண்டு வயரைப் பாத்துடுங்க சார். மஞ்சள் ஒண்ணு, சிவப்பு ஒண்ணு.

ரெண்டுமே 12 வோல்ட் வயர்தான், ஆனா வேலை வேற. மஞ்சள் எப்பவும் பேட்டரியோட இணைஞ்சிருக்கணும். ஸ்டீரியோ எடுத்துக்குற முழுக் கரண்டும் இதுல வரும். கடிகாரம், சேமிச்சு வெச்ச எஃப்எம் சேனல் எல்லாம் இதாலதான் நினைவுல நிக்கும். சிவப்பு வெறும் ஒரு தகவல் மாதிரி: சாவி திரும்பியிருக்கா, இல்லையா? சிவப்புல 12 வோல்ட் போனாத்தான் ஸ்டீரியோ தூங்கப் போகும். அப்புறம் மஞ்சள் வழியா சில மில்லி ஆம்பியர் மட்டும் எடுத்துக்கும்.

அவசரத்துல சிலர் ரெண்டையும் ஒண்ணா முறுக்கி எப்பவும் கரண்ட் இருக்கிற வயர்ல சேத்துடுறாங்க. சாவி இல்லாமலே பாட்டு கேக்கலாம், வசதியாத்தான் தோணும். ஆனா தூங்குன்னு சொல்ற சிக்னல் ஸ்டீரியோவுக்கு வரவே வராது. அது 0.3 ஆம்பியர் எடுத்துக்கிட்டே இருக்குன்னு வைங்க. வெள்ளி ராத்திரி 8 மணியிலிருந்து திங்கள் காலை 8 மணி வரை 60 மணி நேரம், அதாவது 18 ஆம்பியர்-அவர். சின்ன கார்ல பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-அவர்தான். பாதி காலி! கொஞ்சம் வயசான பேட்டரின்னா அதுக்கு மேல ஸ்டார்ட்டரைச் சுத்தாது. புது பேட்டரி போட்டாலும் இதே கதைதான், சில மாசம் தள்ளி.

இதை உறுதி பண்றது சுலபம். சாவியை எடுத்துட்டு, பேட்டரியோட நெகட்டிவ் முனையைக் கழட்டி, நடுவுல மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சுல வைங்க. சில நிமிஷம் விட்டுப் பாத்தா 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணும். அதுக்கு ரொம்ப மேல இருந்து, ஸ்டீரியோ ஃபியூஸைப் பிடுங்கினதும் இறங்கிடுச்சுன்னா ஆள் மாட்டிக்கிட்டான். மீட்டர் நடுவுல இருக்கும்போது மட்டும் சாவியைத் திருப்பாதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

இதுக்கு நேர்மாறான கோளாறும் உண்டு. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறிட்டா, ஒவ்வொரு தடவை சாவி எடுக்கும்போதும் ஸ்டீரியோ எல்லாத்தையும் மறந்துடும். ரெடிமேட் பிளக் போட்டாலும் இது நடக்கும். ஐஎஸ்ஓ 10487 பிளக்குல 4ஆம் பின் எப்பவும் இருக்கிற 12 வோல்ட், 7ஆம் பின் சாவியோட வர்றது. ஆனா பழைய ஃபோக்ஸ்வாகன் கார்கள் பலதுல இந்த ரெண்டும் இடம் மாறி இருக்கும். பல ஸ்டீரியோ ஹார்னஸ்ல மஞ்சள், சிவப்பு வயர் நடுவுல மட்டும் கழட்டி மாட்டுற கனெக்டர் இருக்கே, அது மாத்திப் போடத்தான்.

இங்கதான் முக்கியமான விஷயம். நான் சொன்ன கலர் எல்லாம் ஸ்டீரியோ பக்கத்து வயருக்கு. கார் பக்கத்து வயர்ல கம்பெனிக்குக் கம்பெனி கலர் வேற. போதாததுக்கு, 20 வருஷத்துல யார் யாரோ கை வெச்சிருப்பாங்க. நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, டாக்குமென்டேஷன் 2003ல எழுதினது, கோடு நேத்து வரை மாறியிருக்கு. அளந்து பாத்து எழுதிக்கிறதுதான் ஒரே வழி.

மீட்டரை 20 வோல்ட் டிசியில வெச்சு, கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி இரும்புல வைங்க. சாவி இல்லாதப்பவே 12 காட்டுறது மஞ்சளுக்கு. சாவியை ஏசிசிக்குத் திருப்பினதும் 12 வர்றது சிவப்புக்கு. பார்க்கிங் லைட் போட்டதும் உயிர் வர்றது டாஷ்போர்டு வெளிச்சத்துக்கான வயர். இந்தக் கடைசி வயர் பெரிய ஏமாத்துக்காரன். லைட் அணைஞ்சிருக்கும்போது பல்பு இழை வழியா அது எர்த் மாதிரியே காட்டும். அதுல ஸ்டீரியோவோட கறுப்பு வயரைக் கொடுத்தா பகல் முழுக்கப் பாடும். சாயங்காலம் லைட் போட்டதும் ஃபியூஸ் போகும். அதனால எர்த் தேடும்போது லைட்டையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. அதைவிட நல்லது, பாடியில ஒரு போல்ட்ல நேரா எர்த் எடுக்கறது.

அளந்து முடிச்சதும் பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டுதான் வயர்ல கை வைக்கணும். ஏர்பேக் இருக்கிற கார்னா, மஞ்சள் உறை போட்ட வயர் பக்கமே போகாதீங்க, மீட்டர் வெச்சுக்கூடப் பாக்காதீங்க.

ஸ்பீக்கர் வயர் பத்தி யாரும் சரியா எச்சரிக்கிறது இல்ல. சில பழைய கார்கள்ல ஸ்பீக்கரோட நெகட்டிவ் பாடியோட சேந்திருக்கும். அந்தக் காலத்து ஸ்டீரியோவுக்கு அது சரி. இப்போ வர்றதுல ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ரெண்டு வயரையும் ஆம்ப்ளிஃபயரே இழுத்துத் தள்ளும். பாட்டு இல்லாதப்பகூட ரெண்டுலயும் சுமார் 6 வோல்ட் நிக்கும். அதுல ஒண்ணு பாடியில பட்டா, சிப்புக்குப் பாதுகாப்பு இருந்தா அணைஞ்சுடும், இல்லேன்னா எரிஞ்சுடும். மாட்டுறதுக்கு முன்னாடி ஓம் மீட்டர்ல பாத்துடுங்க. ஜோடிக்கு நடுவுல 3, 4 ஓம் வரணும். எந்த வயருக்கும் பாடிக்கும் நடுவுல ஒண்ணுமே வரக்கூடாது. வந்தா அந்த ஸ்பீக்கருக்குப் புது வயர் இழுங்க.

எந்த ஜோடி எந்தக் கதவுன்னு தெரியலையா? 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டா, அந்த ஸ்பீக்கர் 'டப்'புன்னு சத்தம் போடும். கோன் வெளிய தள்ளினா, பேட்டரியோட பிளஸ் தொட்டதுதான் ஸ்பீக்கர் பிளஸ்.

பெட்டியில '4 × 50 வாட்'னு போட்டிருக்கும். பின்னாடி 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். 14.4 வோல்ட்டை 10ஆல பெருக்கினா 144. அப்போ 200 வாட் எங்கிருந்து வரும்? சரி, அது வேற எபிசோடு.

கடைசியா இணைப்பு. வயரை முறுக்கி கறுப்பு டேப் சுத்துறதைத் தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க. நம்ம ஊர் மே மாச வெயில்ல டேஷ்போர்டுக்குள்ள அந்தப் பசை உருகி, டேப் வழுக்கிடும். எப்பவும் கரண்ட் இருக்கிற வயர் அப்படி வெளிய வந்தா, நீங்க வீட்டுல தூங்கும்போதும் ஆபத்துதான். சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்க, இல்லேன்னா கிரிம்ப் பண்ணுங்க. கடையிலயே மாட்டினாலும் டேஷை மூடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. மஞ்சள் வயர்ல ஃபியூஸ் இருக்கான்னு அந்தப் போட்டோவுல தெரியணும்.