ஜெல்லி ஊறும் நேரம்

"யூரின் டியூப் போடணும், காலைக் கொஞ்சம் தளர்த்துங்க" என்று நர்ஸ் சொன்னதுமே படுத்திருப்பவரின் தொடை இறுகிவிடும். ஆபரேஷன் தழும்பைப் பெருமையாகக் காட்டும் ஆண்கள்கூட இந்தக் குழாயின் பேச்சு வந்தால் முகம் சுளிப்பார்கள். காரணம் உடலமைப்பு. பெண்களின் சிறுநீர்த்தாரை சுமார் 4 செ.மீ.; ஆண்களுக்கோ 20 செ.மீ. வரை. அதுவும் நேர்வழியல்ல. வளைந்து, சுருக்குத் தசையைத் தாண்டி, புராஸ்டேட் சுரப்பியின் நடுவே புகுந்து போகிறது. பலருக்கும் போடும் 16-ஆம் எண் குழாயின் குறுக்களவு 5 மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். (எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர் வந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அறுவைக் கருவிகள் செய்த ஷாரியேர் போட்ட கணக்கு இது.)

வலியைக் குறைக்கும் மருந்து, குழாய் வைத்திருக்கும் அதே தட்டில்தான் இருக்கிறது: 2 சதவீத லிடோகெயின் ஜெல்லி. வார்டு பேச்சில் 'சைலோகெயின் ஜெல்லி'.

இதன் கதை ஒரு நாக்கில் தொடங்கியது. 1930களில் ஸ்டாக்ஹோமில் பார்லிப் பயிரின் வேதிப்பொருள் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்த ஹோல்கர் எர்ட்மன், தாம் தயாரித்த ஒரு சேர்மத்தை ருசி பார்த்தார். நாக்கு மரத்துப்போனது. இன்று ஆய்வகத்தில் இப்படிச் செய்தால் வேலை போய்விடும்! அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு நீல்ஸ் லோஃப்கிரென் சேர்மம் சேர்மமாகச் செய்து பார்த்து, 1943-இல் பெங்ட் லுண்ட்க்விஸ்டுடன் லிடோகெயினை உருவாக்கினார். 1948-இல் அது விற்பனைக்கு வந்தது. தோலின் காய்ந்த மேலடுக்கு இம்மருந்தை எளிதில் உள்ளே விடாது; நாக்கைப் போல ஈரமான சவ்வு விடும். சிறுநீர்த்தாரையின் உட்புறமும் அப்படிப்பட்ட சவ்வுதான். ஊசி இல்லாமலே மரக்கவைக்க முடிவது அதனால்தான்.

விடும், ஆனால் உடனே விடாது. நரம்பிழையில் சோடியம் அயனி நுழையும் வாயில்கள் திறந்தால்தான் வலிச் செய்தி ஓடும். லிடோகெயின் அந்த வாயிலை உட்பக்கமிருந்து அடைக்கிறது. உள்ளே போக, மின்னூட்டம் இல்லாத வடிவில் நரம்பின் கொழுப்புச் சவ்வைக் கடக்க வேண்டும். உடலுக்குள் மருந்தில் ஏறக்குறைய கால் பங்குதான் அந்த வடிவில் இருக்கும். அழற்சி கண்ட இடத்தில் இன்னும் குறைவு.

ஆகவே, குழாய் நுனியில் ஜெல்லியைத் தடவி அப்படியே செலுத்தினால் அது வெறும் வழுக்குப் பொருள். எண்ணெய் தடவியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆண்களுக்கு 10 மி.லி. அளவாவது தாரைக்குள்ளேயே மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக அழுத்தினால் அதுவே எரியும். வெளியே வழியாமல் பிடித்து, குறைந்தது 5 நிமிடம், முடிந்தால் 10 நிமிடம் ஊறவிட வேண்டும். நெரிசலான வார்டில் பத்து நிமிடம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் மரக்காத மரப்பு மருந்தால் யாருக்கு என்ன லாபம்? "கொஞ்சம் ஊறட்டுமே சிஸ்டர்" என்று நோயாளி கேட்பதில் தப்பில்லை.

பெண்களுக்கு இதன் பலன் அவ்வளவு தெளிவாக நிறுவப்படவில்லை. தாரையில் காயமோ ரத்தக் கசிவோ இருந்தால் மருந்து ரத்தத்தில் வேகமாகக் கலக்கும். மரப்பு மருந்து ஒவ்வாமை, இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஜெல்லி நன்றாக ஊறினாலும் குழாய் போவது ஓர் அழுத்தமாகத் தெரியும். சுருக்குத் தசையில் அது தட்டும்போது மூச்சை அடக்காமல் மெல்ல வெளியே விட்டு, சிறுநீர் கழிக்கப் போவதுபோல் நினைத்துக்கொண்டால் தசை இளகி வழிவிடும். பையில் சிறுநீர் இறங்கத் தொடங்கிய பிறகே நர்ஸ் குழாய் நுனியிலுள்ள பலூனில் தண்ணீர் ஏற்றுவார்.