உங்களுக்குத் தெரியுமா? வை எழுத்தின் புழங்காத பத்து எண்கள்

மேற்கு ஆப்பிரிக்காவில், லைபீரியாவிலும் சியரா லியோனிலும் வாழும் வை மக்களுக்குச் சொந்த எழுத்து உண்டு. 1830-களில் அதை உருவாக்கியவர் மொமொலு டுவாலு புக்கேலே. கனவில் கிடைத்தது என்று அவரே சொன்னாராம். எழுத்து ஊன்றி நின்றுவிட்டது. 1920-களில் அதற்கென்று தனியாக வடித்த பத்து எண்கள்தான் எடுபடவில்லை. கணக்கு என்று வந்தால் வை மக்களும் நம்மைப்போல 1, 2, 3 தான்.

ஆனாலும் 2008-இல் வெளிவந்த யூனிகோட் 5.1 வை எழுத்துகளோடு இந்த எண்களையும் சேர்த்துக்கொண்டது. சுழியத்தின் குறியெண் 42528; அங்கிருந்து வரிசையாகப் போய் ஒன்பதுக்கு 42537. இணையப் பக்கத்தின் நிரலில் ꘥ என்று அடித்துப் பாருங்கள், வை ஐந்து வரும். நோட்டோ சான்ஸ் வை போன்ற எழுத்துரு கணினியில் இல்லையென்றால் வெறும் கட்டம்தான்.

இன்னொரு வேடிக்கை. யூனிகோட் இவற்றையும் பதின்ம இலக்கங்களாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அதனால் வை இரண்டையும் வை ஐந்தையும் ஒட்டி எழுதி, எண்ணாக மாற்றச் சொல்லி பைத்தான் 3-இடம் கொடுத்தால், அது தயங்காமல் 25 என்கிறது.