பாக்டீரியாவின் அரணும் நமது மருத்துவமும்

உறைமோர் ஊற்றிய பாலைத் தயிராக்குபவை பாக்டீரியாக்கள். அவற்றையும் வைரஸ்கள் தாக்குகின்றன. 'பாக்டீரியோஃபேஜ்' எனப்படும் இவ்வைரஸ்கள் தம் மரபுப்பொருளைப் பாக்டீரியாவினுள் செலுத்திப் பல்கிப் பெருகி, அதனைச் சிதைத்து வெளியேறும்.

இதனைத் தடுக்கப் பாக்டீரியாக்களிடம் பல அரண்கள் உள்ளன. அயல் டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் ஒருவகை. 'கிரிஸ்பர்' எனும் நினைவு முறை மற்றொன்று. தாக்கிய வைரஸின் டி.என்.ஏ.விலிருந்து சிறு துண்டொன்றைப் பாக்டீரியா தன்னுள் சேமித்துக்கொள்கிறது. அதே வைரஸ் மீண்டும் நுழைந்தால், அத்துண்டின் நகல் அடையாளம் காட்ட, 'காஸ்' எனும் புரதம் வைரஸின் டி.என்.ஏ.வை வெட்டிவிடுகிறது. தயிர்த் தயாரிப்பில் பயன்படும் பாக்டீரியாவிடமே இது 2007-இல் மெய்ப்பிக்கப்பட்டது.

இவ்வரணை மருத்துவம் கருவியாக்கிக்கொண்டது. கொரோனாவைக் கண்டறிய தில்லி அறிவியலாளர்கள் காஸ் புரதத்தைக் கொண்டு உருவாக்கிய 'ஃபெலூடா' பரிசோதனை 2020 செப்டம்பரில் அனுமதி பெற்றது. அடுத்த பயன், பரம்பரையாக வரும் அரிவாள் செல் நோய்க்கானது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. நோயாளியின் இரத்த மூலச்செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் முறையில் திருத்தி, மீண்டும் உடலில் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி அளித்தது.

இச்சிகிச்சை மிகுந்த செலவுடையது. கடுமையான முன்மருந்துகளும் தேவை. எனவே இந்நோய் உள்ளோர் தற்போதைய மருந்துகளைத் தாமாக நிறுத்தலாகாது. குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருப்பின், திருமணத்திற்கு முன்னரே இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது நலம்.