தறியும் சிறையும்

நுழையும்முன்

குற்றம் செய்தவரை அடைத்து வைக்கும் இடம் சிறை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆயினும், இந்தியச் சிறைகளில் இருப்போருள் பெரும்பாலோர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்பளிக்காதவர்கள். சிறைகளை நிறுவுபவர் யார், நடத்துபவர் யார், அவற்றைக் கண்காணிப்பவர் யார் என்பனவற்றை அறிவது குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் கடமையாகும்.

நின்றுபோன தறி

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ள ஆரணி, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. இங்குக் கைத்தறி நெசவு என்பது ஒருவர் தொழிலன்று. ஒரு குடும்பத்தின் தொழில். ஒருவர் தறியில் அமர்ந்து நெய்ய, மற்றொருவர் தார் சுற்றுவார். பாவு பிணைக்கவும் புணி போடவும் வீட்டார் அனைவரும் கைகொடுப்பர்.

இத்தகைய வீடொன்றில் நெசவாளர் ஒருவர் தெருச் சண்டை தொடர்பான வழக்கில் கைதாகிறார் என்று கொள்வோம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பின்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அவரைக் குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும். நடுவர் பிணையில் விடுவிக்கலாம். அல்லது நீதிமன்றக் காவலில் வைக்க ஆணையிடலாம். காவலில் வைக்கப்பட்டால், அவர் வட்ட அளவிலான கிளைச்சிறைக்கோ ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் மத்திய சிறைக்கோ அனுப்பப்படுவார். அன்றே தறி நின்றுவிடும். பாதி நெய்த சேலை தறியிலேயே கிடக்கும். கூலி வாராது, வாங்கிய முன்பணமோ கடனாக நிற்கும். சிறையின் கதவு ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டினாலும் அதன் சுமை ஒரு குடும்பத்தின்மீது இறங்குகிறது.

சிறை யாருடைய பொறுப்பு?

ஆரணியில் குடிநீர், தெருவிளக்கு, தூய்மைப் பணி ஆகியவற்றை நகராட்சி கவனிக்கிறது. சிறை மட்டும் அதன் பொறுப்பில் இல்லை. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கெனப் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளை வகுத்தது. அவற்றுள் சிறை இடம்பெறவில்லை. ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் நான்காவது இனமாகவே சிறைகள் இடம்பெற்றுள்ளன. எனவே, சிறையை நிறுவுவதும் அதற்கு நிதி ஒதுக்குவதும் விதிகள் வகுப்பதும் மாநில அரசின் கடமைகளாகும்.

எல்லா நாடுகளிலும் இந்நிலை இல்லை. அமெரிக்காவில் விசாரணைக் கைதிகளையும் குறுகிய காலத் தண்டனை பெற்றோரையும் அடைக்கும் சிறைகளைப் பெரும்பாலும் கவுண்டி எனப்படும் உள்ளாட்சி அமைப்புகளே நடத்துகின்றன. அவற்றின் பொறுப்பாளரான ஷெரிப் பல இடங்களில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். இங்கிலாந்திலும் உள்ளூர் அமைப்புகளிடமே சிறைகள் இருந்தன. 1877ஆம் ஆண்டுச் சட்டமே அவற்றை நடுவண் அரசின்கீழ்க் கொணர்ந்தது. உள்ளூர்ச் சிறை குடும்பத்தாருக்கு அருகில் இருக்கும். ஆனால், வருவாய் குறைந்த ஊரில் வசதியும் குறையும். ஒரே அரசின்கீழ் அமையும் சிறைகளில் விதிகள் பொதுவாக இருக்கும். எனினும் அவை கைதியின் ஊரிலிருந்து தொலைவாகிவிடக்கூடும்.

தமிழ்நாட்டுச் சிறை அமைப்பு

ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே நெடுங்காலம் இந்தியச் சிறைகளின் அடிப்படையாக விளங்கியது. சென்னை மாகாணத்தில் கிளைச்சிறைகள் வட்டத் தலைநகரங்களில் அமைந்து வருவாய்த்துறை அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. பின்னர் அவை சிறைத்துறையின்கீழ் வந்தன.

இன்று சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை இப்பணியை மேற்கொள்கிறது. புழல், வேலூர், கடலூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் மத்திய சிறைகள் உள்ளன. பெண்களுக்கெனத் தனிச்சிறைகளும் இளங்குற்றவாளிகளுக்கெனப் பார்ஸ்டல் பள்ளிகளும் உண்டு. நன்னடத்தையுடையோர் வேளாண்மை செய்து வாழும் திறந்தவெளிச் சிறைகளும் இருக்கின்றன.

தெரியுமா?

வேலூர் மத்திய சிறை தமிழக வரலாற்றோடு பிணைந்தது. ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1921ஆம் ஆண்டு இறுதியில் சிறைப்பட்ட இராஜாஜி இங்கு மூன்று மாதங்கள் இருந்து நாட்குறிப்பு எழுதினார். 1962இல் விலைவாசி உயர்வை எதிர்த்துப் போராடிய அறிஞர் அண்ணாவும் இங்குச் சிறைவைக்கப்பட்டார்.

தீர்ப்புக்கு முந்தைய தண்டனை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அச்சிறைகளின் கொள்ளளவோ 4,36,266 தான். இருந்தோருள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நால்வருள் மூவர். பிணை கிடைத்தும் பிணையாளரைக் கொண்டுவர இயலாமல் சிறையில் தங்கிவிடும் ஏழைகளும் இவர்களுள் உள்ளனர்.

பீகார் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தோரைப் பற்றிய உசைனாரா கத்தூன் வழக்கில், விரைவான விசாரணை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என 1979இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு இவ்வுரிமைக்கு ஒரு காலவரையறை தருகிறது. ஒரு குற்றத்திற்குரிய உச்சத் தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைக் காவலிலேயே கழித்தவர் பிணை பெறத் தகுதியுடையவர். முன்பு எக்குற்றத்திற்கும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கே போதும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளோருக்கும் இது பொருந்தாது. அக்காலம் நிறைவடைந்ததும் நீதிமன்றத்திற்கு எழுத்து வாயிலாகத் தெரிவிக்க வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். ஆகவே, சிறையின் பதிவேடு சரியாகப் பேணப்படுவதும் ஒருவரின் விடுதலைக்கு வழியாகிறது.

கண்காணிக்கும் கண்கள்

சிறை மாநில அரசுக்குரியது எனினும் மாவட்டத்திற்கும் அதில் பங்குண்டு. விசாரணைக் கைதிகள் மறு ஆய்வுக் குழுவில் மாவட்ட நீதிபதி, மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் முதலானோர் இடம்பெறுகின்றனர். வழக்கறிஞர் வைக்க வசதியற்றோர் 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி கட்டணமின்றி உதவி பெறலாம். இதற்கென மாவட்ட ஆணைக்குழுவும் வட்டக் குழுவும் செயல்படுகின்றன. ஆரணி நெசவாளரின் குடும்பம் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுவே.

சிறைக்குள்ளும் சமத்துவம் காக்கப்பட வேண்டும். சில மாநிலச் சிறை விதிகளில் சாதியடிப்படையில் வேலை பிரிக்கப்பட்டிருந்ததை அரசியலமைப்புக்கு முரணானது என 2024 அக்டோபர் 3இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சிறைக்கோட்டம் அறக்கோட்டமாதல்

மணிமேகலைக் காப்பியத்தில் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்றொரு பகுதி உண்டு. மணிமேகலையின் வேண்டுகோளை ஏற்றுச் சோழ மன்னன் சிறையை அறம் செய்யும் இடமாக மாற்றுகிறான். சிறை வருத்துவதற்கன்று, திருத்துவதற்கே என்னும் இக்காலக் கருத்தின் விதை அங்கே காணப்படுகிறது.

அயலாட்சியில் கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்தார், அன்று உழைப்பு தண்டனையாக இருந்தது. இன்றோ உழைப்பு தொழிற்பயிற்சியாகவும் ஊதியமாகவும் மாறியுள்ளது. வேலூர்ச் சிறையில் காலணிகள் செய்யப்படுகின்றன. சிறைவாசிகளின் பொருள்கள் சிறைச்சந்தையில் விற்கப்படுகின்றன. சிறைவாசிகள் பொதுத்தேர்வும் எழுதுகின்றனர். சிறை நூலகங்களுக்கு நூல்களைத் திரட்ட, 2023ஆம் ஆண்டுச் சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்னும் பெயரில் அரங்கம் அமைக்கப்பட்டது.

அறுந்த இழையை நெசவாளர் எறிந்துவிடுவதில்லை. முனைகளைத் தேடி எடுத்துப் பிணைக்கிறார். அப்பிணைப்பு காலந்தாழ்ந்தால் சேலையில் குறை விழும். சிறைவாசியும் சமூகம் என்னும் பாவிலிருந்து அறுந்த ஓர் இழையே. விரைவான விசாரணை, இலவசச் சட்ட உதவி, மனிதமாண்பு, விடுதலைக்குப்பின் ஒரு தொழில் ஆகியவை அவ்விழையை மீண்டும் பிணைக்கும். நின்றுபோன தறி மீண்டும் ஒலிக்கும் நாளில்தான் நீதி முழுமை பெறுகிறது.