புள் விசேடம்

நிகண்டும் உரையும் பயின்றோர் நன்கறிந்த தொடர் ஒன்றுண்டு. அன்றில் என்பது யாது? ‘ஒரு புள் விசேடம்.’ மகன்றில் யாது? ‘அதுவும் ஒரு புள் விசேடம்.’ யான் மாணாக்கனாயிருந்த காலத்தில் இவ்விடையே எனக்குச் சொல்லப்பட்டது. ஆசிரியனான பின்னர் முப்பது ஆண்டுகளாக யானும் இதனையே சொல்லி வந்தேன். அதற்குமேல் என்னை வினவிய மாணாக்கர் எவரும் இலர். வினவியவள் என் பேத்தி. வினவிய இடம் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை.

2018ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு கொழும்புக்குச் சென்றிருந்தோம். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர், யான், கட்டுச்சோற்றுப் பையுடன் என் மனைவி என அறுவரும் ஒருநாட் காலை தெகிவளைக்குப் புறப்பட்டோம். விலங்கு வணிகஞ் செய்த குடும்பத்தில் வந்த ஜோன் ஹாகன்பெக் என்னும் ஜெர்மானியர் தொடங்கிய அச்சாலையை 1936ஆம் ஆண்டில் அரசாங்கம் பொறுப்பேற்றது. பேரன் யானையையும் சிங்கத்தையும் தேடி ஓடினான். எட்டு வயதுப் பேத்தியோ பறவைகள் இருந்த பக்கத்தை விட்டு அசைந்திலள்.

அங்கே மனிதர் உட்புகுந்து உலவத்தக்க பெருங்கூடு ஒன்றுண்டு. பறவைகள் நம் தலைக்கு மேலே பறக்கும்; காலடியில் நடக்கும். நீரருகே நாரை ஒன்று ஒற்றைக்காலில் நின்றது. நீண்ட மஞ்சள் அலகு. நுனியில் சிறிது வளைவு. பேத்தி அதனை நெடுநேரம் நோக்கி நின்று, “அப்பப்பா, உந்தச் சொண்டைப் பாருங்கோ. அவிச்ச பனங்கிழங்கைக் கிழிச்ச மாதிரி இருக்கு” என்றாள்.

யான் திகைத்துப் போனேன். சத்திமுற்றப் புலவர் நாரையின் அலகுக்குச் சொன்ன உவமை அதுவன்றோ! புலவர் கண்டது சிவந்த அலகுடைய வேறு நாரை. எனினும் உவமை ஒன்றே. அச்செய்யுளை அவள் கேட்டும் அறியாள். கிழங்கைத் தின்றறிந்தவள் நாரையை நேரிற் கண்டாள். உவமை தானே பிறந்தது. என் மாணாக்கரோ அவ்வுவமையை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறுவர். அவர்களுள் எத்தனை பேர் நாரையை நின்று பார்த்திருப்பர்?

மகிழ்ச்சி மிகுதியால் அவளுக்குச் செய்யுட் பறவைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். துணையைப் பிரிந்தால் உயிர் வாழாதது அன்றில் என்றேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்து, “இதிலை அன்றில் எது?” என்றாள். நா எழவில்லை. “அது ஒரு புள் விசேடம், பிள்ளை” என்றேன்.

“அது பேர் இல்லையே, அப்பப்பா.”

மகன் சிரித்தான். “முப்பது வரியமாப் படிப்பிக்கிறியள், ஒருக்காலும் காணேல்லையோ?” என்றாள் என் மனைவி.

வீடு திரும்பியபின் நூல்களைத் துருவினேன். செந்தலையும் வளைந்த அலகும் உடையது, பனையில் வாழ்வது என்பன அன்றிலைப் பற்றிச் சங்கச் செய்யுள்கள் தரும் குறிப்புக்கள். இவற்றைக் கொண்டு அறிஞர் சிலர் அதனை அரிவாள்மூக்கன் இனத்துப் பறவை என்பர். இந்தியச் சமவெளிகளில் வாழும் கரிய அரிவாள்மூக்கனுக்கு உச்சந்தலையில் செந்நிறம் உண்டு. அது பனையிலும் கூடு கட்டும். அதன் உறவான வெள்ளை அரிவாள்மூக்கனோ நம் நாட்டு வயல்களிலே திரிவது. அன்று தெகிவளையிலும் கரிய தலையும் வளைந்த அலகுமாக அது எம் முன்னே நடந்தது. என் மகனே அதன் பெயரைச் சொன்னான். யான் அதனை அன்றிலோடு சேர்த்து எண்ணவில்லை.

இன்னும் நாணத்தக்கது திரும்புகாலில் நிகழ்ந்தது. புகையிரதம் கிளிநொச்சியைக் கடந்து பரந்தன் வயல்களூடே வந்துகொண்டிருந்தது. “அப்பப்பா, அங்கை அரிவாள்மூக்கன்!” என்று பேத்தி கூவினாள். பசிய நெல்லிடையே பத்துப் பன்னிரண்டு நின்றன. என் வாழ்நாளெல்லாம் அவற்றைக் கண்டிருக்கிறேன். கொக்கு என்று சொல்லிக் கடந்திருக்கிறேன். கூண்டிலே ஒருமுறை கண்ட சிறுமி வெளியிலே அறிந்துகொண்டாள். வெளியிலே ஐம்பது ஆண்டு கண்ட பண்டிதன் அறிந்திலன்.

சற்றுநேரத்தில் ஆனையிறவுக் கடனீரேரி தோன்றியது. அதன் கிழக்கே உள்ள சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலே பறவைகள் சரணாலயமாகவும், 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. மன்னார் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று. கடல்கடந்து வரும் பூநாரைகள் தங்கும் நிலம் நமது நிலம். நுழைவுச்சீட்டின்றிக் காணத்தக்க காட்சிச்சாலை அது.

கருப்பொருள்களை எண்ணிய தொல்காப்பியர் புள்ளையும் அவற்றுள் வைத்தார். அகப்பாட்டிலே பறவை வெறும் அணியன்று. தலைவி சொல்ல நாணுவதைச் சொல்வது அதுவே. பறவையை அறியாதான் பாட்டின் பாதியை அறியான். நம் பிள்ளைகள் சொல்லை மட்டும் காத்துப் பொருளை இழப்பாராயின், நாளடைவில் அச்சொல்லும் நில்லாது. ஆசிரியராகிய நமக்கு இதில் பொறுப்பில்லையா?

இப்பொழுது என் வகுப்பில் ஒரு வழக்கம் ஏற்படுத்தியுள்ளேன். நூலில் வரும் புட்பெயரைக் கொப்பியின் ஒரு பக்கத்தில் எழுதுவர். எதிர்ப்பக்கத்தில் கமக்காரரையும் கடற்றொழிலாளரையும் கேட்டறிந்த பெயரை எழுதுவர். தாம் கண்ட இடத்தையும் நாளையும் குறிப்பர். நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் எதிர்ப்பக்கம் நிரம்பிவிட்டது. மகன்றிலுக்கு எதிரே இன்னும் வெற்றிடமே உளது. அவ்விடத்தில் ‘புள் விசேடம்’ என்று எழுதுமாறு இனி எவருக்கும் சொல்லேன்.